வகுப்பறையில் சீறாப்புராணம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய அமைப்பைத் தொடங்குவது எளிது. பத்தாண்டுகள் கலையாமல் நடத்துவது அரிது. கூட்டத்திற்குப் பத்துப் பேர் வந்த நாள்களிலும் விளக்கேற்றி, தேநீர் வைத்து, கட்டுரை படிக்கச் செய்த நண்பர்களை முதற்கண் வாழ்த்துகிறேன். 'மாணவர்க்கு இசுலாமியப் பண்பாடுகளைக் கற்பித்தல்' என்பது எனக்கு இடப்பட்ட தலைப்பு. 'பண்பாடுகள்' என்று பன்மையில் இட்டிருக்கிறீர்கள். அந்தப் பன்மைதான் இந்த உரையின் பொருள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவன் என்ற தகுதியில் பேச அழைத்தீர்கள். அந்தத் தொழிலில் நான் செய்த ஒரு பிழையிலிருந்து தொடங்க உங்கள் இசைவை வேண்டுகிறேன்.

1993ஆம் ஆண்டு. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டிருந்தது. நாடெங்கும் மனம் கசந்திருந்த காலம். நான் பணியாற்றிய கல்லூரியில் இளங்கலை முதலாண்டு மாணவர்க்குச் சீறாப்புராணத்திலிருந்து மானுக்குப் பிணைநின்ற படலம் பாடமாக இருந்தது. கதையை நீங்கள் அறிவீர்கள். வேடன் ஒருவனின் வலையில் பெண்மான் ஒன்று சிக்குகிறது. தன் கன்றுக்குப் பாலூட்டிவிட்டுத் திரும்பி வருவதாக அது நபிகள் நாயகத்திடம் இறைஞ்சுகிறது. நபிகள் அதற்குப் பிணையாக நிற்கிறார். மான் சொன்ன சொல் தவறாமல் கன்றோடும் திரும்பி வருகிறது. கருணையும் வாய்மையும் ஒருங்கே அமைந்த பகுதி. எந்த மாணவனுக்கும் பிடிக்கும்.

அறுபது பேர் இருந்த அந்த வகுப்பில் இசுலாமிய மாணவன் ஒருவன்தான். நாட்டு நிலையை எண்ணி, நல்லது செய்வதாகக் கருதிக்கொண்டு, நான் அவனை எழுப்பினேன். "தம்பி, இது உங்கள் நூல். நபிகள் நாயகத்தைப் பற்றி நீ சொல், நாங்கள் கேட்கிறோம்" என்றேன். அவன் எழுந்து நின்றான். ஒன்றும் சொல்லவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "உன் புராணமே உனக்குத் தெரியாதா?" என்று நானும் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். வகுப்பு முடிந்ததும் அவன் என் அறைக்கு வந்தான். "ஐயா, எங்கள் வீட்டில் யாரும் சீறாப்புராணம் படித்ததில்லை. எனக்கும் அது பாடநூல்தான்" என்றான். சற்று நின்று, "டிசம்பரிலிருந்து எல்லாரும் என்னையே விளக்கம் கேட்கிறார்கள், ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மாலை அப்படலத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். ஒரு மானுக்காகப் பெரியவர் ஒருவர் பிணை நின்றதைக் கற்பிக்க வேண்டிய நான், பதினெட்டு வயதுச் சிறுவனை ஒரு சமயத்திற்கே பிணை நிற்கச் சொல்லியிருந்தேன். வகுப்பில் பிணை நிற்க வேண்டியவன் ஆசிரியன். நான் அந்தச் சுமையை மாணவனின் தோளில் ஏற்றினேன்.

அன்று முதல் என் பாடமுறையை மாற்றிக்கொள்ள முயன்றேன். முதலில் எனக்குள் இருந்ததை ஆராய்ந்தேன். எனக்கு எவர்மீதும் வெறுப்பு இல்லை. ஆனால் வெறுப்பு இல்லாமையை அறிவு என்று எண்ணியிருந்தேன். இசுலாமியரைப் பற்றி என் மாணவர்களிடம் ஒரு படிமம் இருந்தது: தாடி, பர்தா, உருது, பிரியாணி, பாலைவனம். அந்த ஆண்டுகளின் திரைப்படங்கள் அதனோடு துப்பாக்கியையும் சேர்த்துக் கொடுத்தன. என்னிடமும் ஒரு படிமம் இருந்தது: வள்ளல், பாய், நல்லிணக்கம், நாகூர். என்னுடையது இனிமையானது, அவர்களுடையது கசப்பானது. இரண்டிலும் மனிதர் இல்லை. கசப்பான படிமத்தை அகற்றி அந்த இடத்தில் இனிப்பான படிமத்தை வைப்பது கல்வி ஆகாது. ஒருவர் நல்லவராக இருப்பதால்தான் நம்மவர் என்று கற்பித்தால், அவர் ஒருநாள் தவறு செய்தால் நம்மவர் அல்லாமற் போவார் என்பதையும் சேர்த்தே கற்பித்தவர்களாகிறோம்.

ஆகவே அடுத்த ஆண்டு சீறாப்புராணத்தைத் தொடங்குமுன் ஒரு சிறு வினாவோடு வகுப்புக்குச் சென்றேன். "தமிழ்நாட்டு இசுலாமியர் வீடுகளில் தந்தையை எப்படி அழைப்பார்கள்?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அடுத்த தெருவில் வாழ்பவர்கள், ஒன்றாகப் படித்தவர்கள், பெருநாளன்று பிரியாணி அனுப்புகிறவர்கள். அவர்கள் தந்தையை எப்படி அழைக்கிறார்கள் என்று கேட்க நமக்குத் தோன்றியதில்லை. இராவுத்தர் குடும்பங்களில் 'அத்தா' என்பார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களின் மரக்காயர் குடும்பங்களில் 'வாப்பா' என்பார்கள். தாய் 'உம்மா', அண்ணன் 'காக்கா', அக்காள் 'ராத்தா'. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளில் உருது பேசும் குடும்பங்களில் அழைக்கும் முறை வேறு. குதிரை வணிகத்தோடும் படைத்தொழிலோடும் பெயர்த்தொடர்பு கொண்டவர்கள் ஒரு சாரார். மரக்கலம் செலுத்தியவர்கள் ஒரு சாரார். முதற்சாராரில் பெரும்பாலோர் அனபி சட்டநெறியையும், கடற்கரையோரில் பெரும்பாலோர் சாபிஈ சட்டநெறியையும் பின்பற்றுவோர். 'முஸ்லிம் என்றால் உருது' என்ற எண்ணம் இந்த ஒரு வினாவிலேயே உதிர்ந்துபோவதை நான் ஆண்டுதோறும் கண்டேன்.

இதனோடு இன்னொன்றைச் சேர்த்துச் சொல்வேன். வட இந்திய இசுலாமியர் 'நமாஸ்' என்றும் 'ரோஸா' என்றும் பாரசீகச் சொற்களால் குறிப்பவற்றைத் தமிழ் இசுலாமியர் 'தொழுகை' என்றும் 'நோன்பு' என்றும் சொல்கிறார்கள். மசூதிக்குப் 'பள்ளிவாசல்', ஈத் திருநாளுக்குப் 'பெருநாள்'. ஒரு சமூகம் தன் வழிபாட்டின் நடுவிலுள்ள சொற்களையே தாய்மொழியில் வைத்திருப்பது சிறிய செய்தி அன்று. அதே சமூகம் தமிழை அரபு எழுத்தில் எழுதி, இல்லாத ஒலிகளுக்குக் குறியிட்ட புது எழுத்துகளை அமைத்து, 'அரபுத் தமிழ்' என்ற எழுத்து மரபையும் வளர்த்தது. சமய நூல்கள் மட்டுமல்லாமல் மருத்துவம் முதலிய பல துறை நூல்களும் அதில் எழுந்தன. தமிழ் எழுத்தைக் கற்காத பெண்கள் பலர் அதில் தமிழைப் படித்தார்கள், கடிதம் எழுதினார்கள். எழுத்தறிவு இல்லாதவர்கள் என்று நாம் கணக்கெழுதி வைத்த பாட்டிகள், நமக்குத் தெரியாத எழுத்தில் நம் மொழியைப் படித்துக்கொண்டிருந்தார்கள்!

இதன் பிறகு சீறாப்புராணத்திற்கு வந்தால் அது வேறு நூலாகத் தெரியும். உமறுப் புலவர் எட்டயபுரத்து அரசவைப் புலவரான கடிகை முத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர். நபிகளின் வரலாற்றுக்குரிய அரபுச் செய்திகளை மார்க்க அறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா வழியாகப் பெற்றவர் என்பது வழிவழிச் செய்தி. கீழக்கரை வள்ளல் சீதக்காதியும், அவருக்குப் பின் அபுல் காசிம் மரக்காயரும் அவரை ஆதரித்தார்கள். விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், இசுறத்துக் காண்டம் என்ற மூன்று காண்டங்களில், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களில் அமைந்த பெருங்காப்பியம் அது. அதிலும் கதை முற்றுப்பெறவில்லை. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகமது மரக்காயர் 'சின்னச் சீறா'வில் பாடி நிறைவு செய்தார்.

அதன் நாட்டுப் படலத்தைப் பாடம் சொல்லும்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவன் கேட்பான்: "ஐயா, அரபு நாட்டில் ஆறு ஏது? வயல் ஏது? தாமரை ஏது?" நல்ல வினா. மலையில் மழை பொழிந்து, ஆறு பெருக்கெடுத்து, மருதநிலம் செழிக்கும் அரபு நாட்டை உமறு பாடுகிறார். அவர் பாலையை அறியாதவர் அல்லர். அதே காப்பியத்தில் 'சுரத்தில் புனலழைத்த படலம்' என்று ஒரு படலமே இருக்கிறது. அதில் வெம்மையும் தாகமும் உண்டு. பிறகு ஏன் நாட்டுப் படலத்தில் வயல்? நான் மாணவனிடம் திருப்பிக் கேட்பேன்: "கம்பர் கோசல நாட்டைப் பாடும்போது அங்கே காவிரிக்கரை தெரிகிறதே, அதை ஏன் நீ கேட்கவில்லை?" வகுப்பு சிந்திக்கத் தொடங்கும். சரயு நதியில் காவிரியைக் கண்டால் அதைக் காப்பிய மரபு என்கிறோம். மக்கத்தில் மருதத்தைக் கண்டால் மட்டும் வியக்கிறோம். அந்த வியப்பில்தான் நம் முன்முடிவு ஒளிந்திருக்கிறது. தமிழில் ஒரு நாட்டைச் சிறப்பிக்க வேண்டுமானால் அதை நீர்நாடாக்க வேண்டும் என்பது நம் கவி மரபு. உமறு தம் தலைவருக்கு அந்த உயர்ந்த மரியாதையைச் செய்தார்.

இங்கே கவிஞர்கள் மிகுதியாக இருப்பதால் வடிவம் பற்றியும் ஒரு சொல். 1572ஆம் ஆண்டில் வண்ணப்பரிமளப் புலவர் மதுரையில் அரங்கேற்றிய 'ஆயிர மசலா'தான் முழுமையாகக் கிடைத்துள்ள இசுலாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழமையானது. நபிகளிடம் அப்துல்லா இப்னு சலாம் என்ற யூத அறிஞர் வினவுவதும் நபிகள் விடையிறுப்பதுமாக அமைந்தது. அரபு, பாரசீக மரபுகளின் தொடர்பால் கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து ஆகிய வடிவங்கள் தமிழுக்கு வந்தன. போர்க்களம் பாடும் படைப்போரும் அவர்களால் தனி வகையாக வளர்ந்தது. மறுபுறம், நம் பழைய வடிவங்களான பிள்ளைத்தமிழும் அந்தாதியும் கலம்பகமும் அவர்கள் கையில் புதுப்பொருள் பெற்றன. காயல்பட்டினத்துக் காசிம் புலவர் அருணகிரியாரின் சந்தத்தில் நபிகளின்மீது திருப்புகழ் பாடினார். இறைவனுக்கு உருவம் கற்பிக்காத ஒரு சமயம், இறைத்தூதரைத் தால் கொட்டித் தாலாட்டும் பிள்ளைத்தமிழை எப்படி ஏற்றது, எந்த எல்லைக்குள் ஏற்றது என்பது யாப்பும் இறையியலும் சந்திக்கும் கேள்வி. நல்ல மாணவர்க்கு இதைவிடச் சுவையான ஆய்வுப்பொருள் எளிதில் கிடைக்காது. 1973இல் திருச்சியில் நடந்த இசுலாமியத் தமிழ் இலக்கிய மாநாடும், இலங்கைப் பேரறிஞர் ம. மு. உவைஸ் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து செய்த இலக்கிய வரலாற்றுப் பணியும் இவற்றையெல்லாம் தொகுத்து நம் கையில் கொடுத்திருக்கின்றன. ஆசிரியர்கள் நூல் இல்லை என்று சொல்ல இயலாது.

இதுவரை நான் சொன்னதைக் கேட்டு, "பார்த்தீர்களா, அவர்களும் நம்மைப் போலத் தமிழர்களே" என்று மகிழ்வோடு முடித்துவிடலாம். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் முடித்தேன். அங்கேதான் என் இரண்டாவது பிழை இருந்தது.

'நம்மைப் போல' என்பதை மதிப்புக்கு அளவுகோலாக்கினால், நம்மைப் போல் இல்லாதவரை என்ன செய்வது? ஆம்பூரில் உருது பேசுபவர் வீட்டில் சீறாப்புராணம் இல்லை. அவர் வேறு ஒரு செழித்த கவிதை மரபின் வாரிசு. அவர் நம் அளவுகோலில் குறைந்துபோவாரா? மொழி ஒன்றாயிருந்தால் போதும் என்ற நம்பிக்கை எவ்வளவு பொய்க்கும் என்பதற்கு ஈழத்தில் நடந்ததைத் தமிழ் மாணவர் படிக்க வேண்டும். தமிழின் முதல் நாவல்களுள் ஒன்றான 'அசன்பேயுடைய சரித்திர'த்தை 1885இல் எழுதியவர் கண்டியைச் சேர்ந்த சித்திலெவ்வை. இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோரின் வீட்டுமொழி தமிழ். ஆயினும் அவர்கள் தங்களைத் தனியொரு மக்களாகவே உணர்ந்து வந்தவர்கள். 1990 ஆகஸ்டு 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும், ஏறத்தாழ 75,000 பேரை, விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். வெளியேறச் சொன்ன ஆணையும் தமிழிலேயே இருந்தது. வெளியேறியவர்களின் அழுகையும் தமிழிலேயே இருந்தது. இதைச் சொல்லும்போது என் குரல் தாழ்கிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் தமிழ் வகுப்பு தன் கடமையைச் செய்ததாகாது. ஒருவரின் உயிருக்கும் மண்ணுக்கும் உரிய உறுதி, அவர் நம் மொழியைப் பேசுகிறார் என்பதில் இல்லை. அவர் அங்கே வாழும் மனிதர் என்பதில் இருக்கிறது.

மூன்றாவதாக, உள்வேறுபாடுகளைக் கற்பிக்கும் துணிவு வேண்டும். தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாக வந்தது. குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணக் கடற்கரை வாழ்வை அறிந்த அவர், முதலாளி ஒருவரின் ஆதிக்கத்தையும், ஆங்கிலப் பள்ளிக்கு எழுந்த எதிர்ப்பையும், ஏழைகளின் பசியையும் ஒளிவுமறைவின்றி எழுதினார். 1997இல் 'சாய்வு நாற்காலி'க்காகச் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார். அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1938இல், நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' என்ற நாவலை எழுதினார், உ. வே. சாமிநாதையர் அதற்குச் சிறப்புரை வழங்கினார். துவரங்குறிச்சியில் பருவம் எய்தியதோடு பள்ளிப்படிப்பு நிறுத்தப்பட்ட சல்மா, 2004இல் வெளிவந்த 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் வீடுகளுக்குள் அடைபட்ட பெண்களின் உலகத்தை எழுதினார்.

இந்த நூல்களை வகுப்புக்குக் கொண்டு செல்வதில் ஓர் இடர் உண்டு. சல்மாவைப் படித்த ஒரு மாணவன் என்னிடம், "நாங்கள் சொன்னது சரிதானே, ஐயா? அவர்கள் பெண்களை அப்படித்தானே நடத்துகிறார்கள்?" என்றான். நான் அவனிடம், "உன் வீட்டுப் பெண்களைப் பற்றி அவர்களுள் ஒருவர் இப்படி ஒரு நாவல் எழுதினால் அதில் என்னென்ன இருக்கும்? ஒரு பக்கம் எழுதி வா" என்றேன். மறுநாள் அவன் எழுதி வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவும் இல்லை. உள்ளிருந்து எழும் விமரிசனம், தன் வீட்டைச் செப்பனிட விரும்புகிறவரின் சொல். அதைப் பிடுங்கி அவர் வீட்டின்மீதே எறிவது படிப்பாகாது. அதேபோல, எறிந்துவிடுவார்களே என்று அஞ்சி அந்தச் சொல்லை மறைப்பதும் படிப்பாகாது. மீரானையும் சல்மாவையும், அதே வாரத்தில் நம் எல்லாச் சமூகங்களின் வீட்டுக் கதைகளோடும் சேர்த்துப் படிக்கச் செய்வதே நான் கண்ட வழி.

பண்பாட்டை ஒரே நிறமாகக் காணக்கூடாது என்பதற்குக் காயல்பட்டினமே சான்று. அங்கே திருமணத்திற்குப் பின் மணமகன் மணமகள் வீட்டில் வாழும் வழக்கம் உண்டு. மகளுக்கு வீடு கொடுப்பது குடும்பத்தின் கடமை. 'ஆணாதிக்கம்' என்ற ஒரே சொல்லில் இவ்வூரை அடக்க முடியாது. 'பெண்ணுரிமை' என்ற ஒரே சொல்லிலும் அடக்க முடியாது. வீடு பெண்ணுக்கு உரியது; அந்த வீட்டை எழுப்பித் தரும் சுமையோ பெண்ணைப் பெற்றவருக்கு. மாணவர்கள் இரண்டையும் ஒருங்கே மனத்தில் நிறுத்தப் பழகினால், அவர்கள் எந்தச் சமூகத்தைப் பற்றியும் அவசரத் தீர்ப்பு வழங்க மாட்டார்கள்.

நான்காவது, நம்மில் பலருக்குக் கசக்கக்கூடியது. குணங்குடி மஸ்தான் சாகிபு நமக்கு மிகவும் பிடித்தவர். தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து, சென்னையில் 1838இல் அடங்கிய அந்த ஞானி, இறையருளை மனோன்மணி என்ற காதலியாக்கிச் சித்தர் மொழியில் பாடினார். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். நாகூர்த் தர்காவின் 131 அடி உயர மனோராவைக் கட்டியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். கோட்டாற்றுப் பகுதியின் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவே என்று மேடைதோறும் வாதிட்டார். நீதிபதி மு. மு. இஸ்மாயில் சென்னைக் கம்பன் கழகத்தை வளர்த்தார். இவை உண்மைகள், பெருமைக்குரியவை. நாம் மேடைகளில் மீண்டும் மீண்டும் சொல்பவையும் இவையே. ஏன் இவற்றை மட்டும் சொல்கிறோம்? நம் பக்கம் நகர்ந்து வந்தவர்களை மட்டுமே நாம் விரும்புகிறோமோ என்று ஐயுறுகிறேன்.

கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அரபியிலும் அரபுத் தமிழிலும் மார்க்கச் சட்ட நூல்களை எழுதியவர்; தமிழகத்திலும் இலங்கையிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அன்றாட வாழ்வை வழிநடத்தியவர். அவர் நம் நல்லிணக்க மேடைக்கு உரியவராக நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால் அவரை அறியாமல் அச்சமூகத்தின் உள்வாழ்வை அறிய முடியாது. இன்னொன்று: தர்கா வழிபாட்டை இசுலாமியருள் ஒரு சாரார் ஏற்கின்றனர், ஏகத்துவத்தை வலியுறுத்தும் மற்றொரு சாரார் அதனை மறுக்கின்றனர். 1980களுக்குப் பின் இவ்விவாதம் தமிழ்நாட்டில் வலுத்தது. தர்காவுக்குச் செல்பவர் நல்ல முஸ்லிம், செல்லாதவர் கடுமையானவர் என்று வகுப்பில் மதிப்பெண் போடும் உரிமை தமிழாசிரியனுக்கு இல்லை. விவாதம் நடக்கிறது என்பதையும், இரு பக்கத்தாரின் காரணங்களையும் சொல்வதோடு அவன் நிற்க வேண்டும். எவர் உண்மையான முஸ்லிம் என்று தீர்ப்புச் சொல்வது வெளியே நிற்பவரின் வேலை அன்று.

தமிழகத்தைத் தாண்டியும் ஒரு பார்வை வேண்டும். உலக வரைபடத்தை விரித்து, "முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடு எது?" என்று கேட்டால் மாணவர் அரபு நாடுகளின்மீது விரல் வைப்பார்கள். அது இந்தோனேசியா. உலக முஸ்லிம்களில் அரபியர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே. அந்த இந்தோனேசியாவின் சாவகத் தீவில் முஸ்லிம் கலைஞர்கள் இராமாயண, பாரதக் கதைகளைத் தோற்பாவை நிழற்கூத்தாக இரவு முழுதும் நடத்துகிறார்கள். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நாகூர் ஆண்டவர் பெயரால் தர்காக்களை எழுப்பியவர்கள் இங்கிருந்து கப்பலேறிய தமிழ் முஸ்லிம் வணிகர்கள். ஒரு சமயம் செல்லும் இடமெல்லாம் அந்த மண்ணின் நீரைக் குடிக்கிறது; ஒரே கிணற்று நீரைப் பல பாத்திரங்களில் ஊற்றிய நிலை அன்று அது.

இனி, இவ்வட்டத்தாரிடம் உரிமையோடு சில சொற்கள். இந்தப் பத்தாண்டில் எத்தனையோ கவியரங்குகள் நடத்தியிருக்கிறீர்கள். அவற்றில் இசுலாமியக் கவிஞர்களுக்கு நாம் கொடுத்த தலைப்புகளை எண்ணிப் பாருங்கள். 'ஒற்றுமை', 'நல்லிணக்கம்', 'பிறை'. மழை பற்றிப் பாட மற்றவரை அழைக்கிறோம். மதம் பற்றிப் பாட மட்டும் அவரை அழைக்கிறோம். நான் அந்த மாணவனை எழுப்பி நிறுத்தியதும் இதுவும் ஒன்றுதான். கவிக்கோ அப்துல் ரகுமான் குறியீட்டையும் படிமத்தையும் புதுக்கவிதையின் உயிர்நாடியாக்கினார். கசலையும் ஹைக்கூவையும் தமிழில் பயில வைத்தார். கீழக்கரையில் பிறந்த இன்குலாப் எல்லா மேலாதிக்கங்களுக்கும் எதிராகப் பாடினார். சமயச் சட்டகம் எதற்குள்ளும் அவர் அடங்கவில்லை. இவர்களை நாம் கவிஞர்களாகப் படித்தோமா, அடையாளங்களாகப் படித்தோமா? அடுத்த ஆண்டில் சீறாப்புராணத்திற்கு ஒரு தொடர் வாசிப்பு நடத்துங்கள். மீலாது விழாவுக்காக நடத்த வேண்டாம். கம்பனுக்கும் சிந்தாமணிக்கும் நடத்துவதுபோல, காப்பியம் என்பதற்காக நடத்துங்கள். படலம் படலமாகப் படித்து, நயமான இடத்தில் தலையசைத்து, தளர்ந்த இடத்தில் தளர்ந்தது என்று சொல்லுங்கள். குறை சொல்லத் தயங்கும் வரையில் ஒரு நூல் நமக்கு விருந்தாளியாகவே இருக்கிறது. குறை சொல்லும் உரிமை வந்தபின்தான் அது வீட்டு நூலாகிறது.

முடிக்குமுன் அந்த மாணவனைப் பற்றி ஒரு சொல். அவன் படிப்பை முடித்துச் சென்றான். மூன்றாண்டுகளும் என் வகுப்பில் இருந்தான். நல்ல மதிப்பெண் பெற்றான். நான் என் பாடமுறையை மாற்றிக்கொண்டேனே தவிர, அவனிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. ஆசிரியன் மாணவனிடம் வருத்தம் தெரிவிப்பது அந்நாளில் என் எண்ணத்திலேயே வரவில்லை. பின்னர் எண்ணம் வந்தபோது அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. இந்த உரை மலரில் அச்சாகும் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். எங்கேனும் அவன் கண்ணில் பட்டால், அவன் அன்று எனக்குக் கற்பித்த பாடத்தைத்தான் நான் பின்னர் மற்றவர்க்குக் கற்பித்தேன் என்பதை அறிந்துகொள்ளட்டும்.